வட்டுக்குப் போகும் நான்கு வழிகள்

2010 ஜூலை 5, திங்கட்கிழமை. வேலைக்குக் கிளம்பிய வழியில் பணம் எடுக்கப் போன சிங்கப்பூர்வாசிகளுக்கு டிபிஎஸ் வங்கியின் ஏடிஎம்கள் பணம் தரவில்லை. இணைய வங்கிச் சேவையும் எழுந்திருக்கவில்லை. அதிகாலை 3 மணியளவில் தொடங்கிய முடக்கம் நீங்கக் காலை 10 மணி ஆனது. யாரும் ஊடுருவவில்லை, எங்கும் தீப்பிடிக்கவில்லை. வங்கியின் மெயின்ஃபிரேம் கணினியோடு இணைந்திருந்த வட்டுச் சேமிப்பகத்தில் ஒரு பாகம் விட்டுவிட்டுத் தடுமாறுவதாக எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. சேமிப்பகம் அப்போதும் முழுமையாக இயங்கிக்கொண்டுதான் இருந்தது. கூட்டமில்லாத நேரம் பார்த்து, வழக்கமான பராமரிப்பு வேலையாக அந்தப் பாகத்தை மாற்ற முற்பட்டார்கள். அப்போது பின்பற்றிய செயல்முறை காலாவதியானது. மொத்த அமைப்பும் படுத்துவிட்டது. அடுத்த மாதமே சிங்கப்பூர் நாணய ஆணையம், 23 கோடி சிங்கப்பூர் டாலரைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கும்படி வங்கிக்கு உத்தரவிட்டது.

பழுதான பாகம் ஏழு மணி நேர முடக்கத்தைத் தானாக உண்டாக்கவில்லை. பழுதைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு வேலை செய்துகொண்டிருந்தபோது, அதன்மேல் கைவைத்த முறைதான் உண்டாக்கியது. வங்கி, மருத்துவமனை, ரயில்வே, வருமான வரி என்று நிற்கக் கூடாத சேவைகளின் பின்னால் உள்ள ஒவ்வொரு பெரிய சர்வரிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. சர்வரிலிருந்து வட்டுக்குப் போகும் பாதை ஒன்று அறுந்தால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்வது. இரண்டாவது கேபிளை வாங்கிப் பூட்ட ஒரு மணி நேரம் போதும். அந்தக் கேபிள் எந்த நொடியில், எந்தச் சூழலில் பொறுப்பேற்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைப்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

சர்வருக்கும் வட்டுக்கும் நடுவே

வீட்டுக் கணினியில் வட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெரிய தரவு மையங்களில் சர்வர் ஒரு வரிசையில், வட்டுகள் அடங்கிய சேமிப்பகம் வேறொரு வரிசையில். இரண்டையும் இணைப்பது பெரும்பாலும் ஃபைபர் சேனல் என்னும் தனி வலையமைப்பு. 1994-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட இந்தத் தொழில்நுட்பத்தில் தரவு ஒளியிழை வழியாகப் பாய்கிறது. சர்வரில் செருகியிருக்கும் அடாப்டர் அட்டை, ஒளியிழைக் கேபிள், ஸ்விட்ச், இன்னொரு கேபிள், சேமிப்பகத்தின் கன்ட்ரோலர், அதற்குப் பின்னால் வட்டு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும், வட்டில் தரவு பத்திரமாக இருந்தும் சர்வருக்கு அது இல்லாததற்குச் சமம்.

அதனால் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைக்கிறார்கள். சர்வரில் இரண்டு அடாப்டர்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு ஸ்விட்ச் வலைகள். சேமிப்பகத்தில் இரண்டு கன்ட்ரோலர்கள், ஒவ்வொன்றும் இரண்டு வலைகளிலும் இணைந்திருக்கும். கணக்குப் போட்டால் சர்வரிலிருந்து ஒரே வட்டுக்கு நான்கு பாதைகள். ஓர் அடாப்டர் போனால் இரண்டு மிஞ்சும். அந்த நேரம் பார்த்து ஒரு கன்ட்ரோலரும் போனால்கூட ஒன்று மிஞ்சும்.

வரைபடத்தில் இது அழகாகத்தான் இருக்கும். தரையில் பார்த்தால் சில நேரம் 'இரண்டு அடாப்டர்' என்பது ஒரே அட்டையின் இரண்டு துளைகளாக இருக்கும். அட்டை போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு வலைகளின் கேபிள்களும் ஒரே தட்டு வழியாக ஓடினால், ஏணி ஒன்று சாய்ந்தாலே இரண்டும் நசுங்கும். எண்ணிக்கையில் நான்காக இருப்பவை அழிவில் ஒன்றாக இருக்கக்கூடும்.

ஒரே வட்டு, நான்கு பெயர்

பாதைகள் கூடியதும் முதல் சிக்கல் அடையாளத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு பாதையின் முனையிலும் ஒரு வட்டைக் காணும் இயங்குதளம், நான்கு வட்டுகள் இருப்பதாகவே முடிவு கட்டும். லினக்ஸ் அவற்றுக்கு நான்கு பெயர் சூட்டிவிடும். அவற்றில் இரண்டை வெவ்வேறு வட்டுகள் என்று நம்பி யாராவது கோப்பமைப்பை ஏற்றினால், ஒன்றின் மேல் மற்றொன்று எழுதித் தரவு சிதையும்.

இதைத் தடுக்கும் ஏற்பாடு, சர்வரும் வட்டும் பேசிக்கொள்ளும் ஸ்கஸி கட்டளைத் தொகுதியிலேயே இருக்கிறது. 'நீ யார்?' என்று கேட்கும் கட்டளைக்கு வட்டு தன் அடையாளப் பக்கங்களை அனுப்ப வேண்டும். அவற்றில் 83 என்ற எண் கொண்ட பக்கத்தில், உலகில் வேறெந்த வட்டுக்கும் இல்லாத ஓர் அடையாள எண் இருக்கும். நவீன சேமிப்பகங்களில் அது 16 பைட் நீளம், எழுதிப் பார்த்தால் 32 இலக்கம். நான்கு பாதைகளிலும் அதே எண் திரும்பி வந்தால் அது ஒரே வட்டு. மல்டிபாத் மென்பொருள் அந்த நான்கையும் ஒரே பெயரின் கீழ் கட்டி, மேலே உள்ள கோப்பமைப்புக்கும் டேட்டாபேஸுக்கும் ஒரே வட்டாகக் காட்டுகிறது.

இந்த வேலையை யூனிக்ஸ் குடும்பத்தின் ஒவ்வொரு கிளையும் தன் வழியில் செய்துகொண்டது. தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் சேமிப்பக நிறுவனங்களே தனி மென்பொருள் விற்றன. இஎம்சியின் பவர்பாத் அதில் பெயர்பெற்றது. பழைய எச்பி-யூஎக்ஸில் வட்டுத் தொகுதி மேலாண்மையே மாற்றுப் பாதையை நினைவில் வைத்திருந்தது. 2007-இல் வந்த 11ஐ மூன்றாம் பதிப்பில் அது இயங்குதளத்தின் அடித்தளத்துக்கே போனது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 2002-இல் 5.2 பதிப்போடு எம்பிஐஓ என்ற பெயரில் இதைச் சேர்த்துக்கொண்டது. லினக்ஸ் கெர்னலுக்குள் 2005-இல் வந்து சேர்ந்தது.

வேகமான வழி, மெதுவான வழி

நான்கு பாதைகளும் சமமானவை என்று நினைத்துவிடக் கூடாது. பல சேமிப்பகங்களில் ஒரு வட்டு ஒரு கன்ட்ரோலரின் பொறுப்பில் இருக்கும். மற்ற கன்ட்ரோலர் வழியாகக் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் கோரிக்கை உள்ளே சுற்றிக்கொண்டு உரிய கன்ட்ரோலருக்குப் போய்த் திரும்ப வேண்டும். சில பழைய சேமிப்பகங்களில் நிலைமை இன்னும் மோசம். தவறான கதவைத் தட்டினால் வட்டின் பொறுப்பே அந்தக் கன்ட்ரோலருக்கு மாறிவிடும். ஒரே வட்டை இரண்டு சர்வர்கள் ஆளுக்கொரு கன்ட்ரோலர் வழியாகக் கேட்டால், பொறுப்பு இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். படிக்கவும் எழுதவும் நேரமே இருக்காது.

இதற்குத் தீர்வாக வந்தது அலுவா என்ற தரநிலை. சேமிப்பகமே சர்வரிடம் 'இந்த வாசல் நேர்வழி, அந்த வாசல் சுற்றுவழி' என்று சொல்லிவிடும். லினக்ஸ் நேர்வழிக்கு 50 புள்ளி, சுற்றுவழிக்கு 10 புள்ளி தந்து பாதைகளை இரண்டு குழுவாகப் பிரிக்கிறது. 50 புள்ளிக் குழுவில் ஒரு பாதையாவது உயிரோடு இருக்கும்வரை 10 புள்ளிக் குழுவைத் தொடாது. சேமிப்பகத்தின் வகை தெரியாமல், நான்கு பாதைகளிலும் சமமாகச் சுமையைப் பிரிக்கும்படி ஒருவர் அமைத்துவிட்டால், பாதிக் கோரிக்கைகள் சுற்றுவழியில் போகும். எதுவும் உடையாது, எச்சரிக்கையும் வராது. 'சர்வர் ஏனோ மெதுவாக இருக்கிறது' என்ற புகார் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

எப்போது செத்ததாகக் கொள்வது?

ஸ்விட்ச் ஒன்று மின்சாரம் இழந்து அணைந்தால் முடிவெடுப்பது சுலபம். ஒளி நின்றுவிடும், அடாப்டர் உடனே அறியும். தொலைவில் ஓர் இணைப்பு போனாலும் ஸ்விட்ச் வலை, 'நிலை மாறிவிட்டது' என்று பதிவு செய்துகொண்ட எல்லோருக்கும் செய்தி அனுப்பும்.

தொல்லை கொடுப்பது பாதி உயிரோடு இருக்கும் பாதை. தரவு மையத்துக்குள் ஓடும் ஒளியிழையில் ஒளி செல்லும் மையத்தின் அகலம் 50 மைக்ரான். இணைப்பியின் முகத்தில் ஒரு தூசி உட்கார்ந்தாலோ, கேபிள் கூர்மையாக மடங்கியிருந்தாலோ ஒளி மங்கும். தரவைச் சுமந்து செல்லும் சட்டகங்களில் சில சேதமாகிப் போய்ச் சேரும். 'தயாராக இருக்கிறாயா?' என்று மல்டிபாத் மென்பொருள் சில விநாடிகளுக்கு ஒருமுறை அனுப்பும் சோதனைக் கட்டளை மிகச் சிறியது. அது பெரும்பாலும் தப்பிப் பிழைத்துவிடும். ஒவ்வொன்றும் 2112 பைட் வரை சுமக்கும் சட்டகங்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்படும் உண்மையான தரவுதான் அடிபடும். விளைவு ஒரு சுழற்சி. தரவு போகவில்லை, பாதை செத்தது என்று குறிக்கப்படும். ஐந்து விநாடி கழித்துச் சோதனை வெற்றி பெறும், பாதை பிழைத்தது என்று திரும்பச் சேர்க்கப்படும். மறுபடி தரவு அடிபடும். முழுதாக அறுந்த கேபிளைவிட இந்தக் கேபிள்தான் சர்வரை அதிகம் வதைக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் தடுமாறினால் பாதையைத் தள்ளி வை என்று சொல்லும் அமைப்புகள் லினக்ஸில் பின்னாளில் சேர்க்கப்பட்டது இதற்காகத்தான். அவற்றை நாமாக எழுதி இயக்க வேண்டும்.

அடுத்தது பொறுமையின் அளவு. லினக்ஸில் வட்டுக்கு அனுப்பும் ஒரு கட்டளைக்கு இயல்பான காத்திருப்பு 30 விநாடி. அதற்குப் பிறகும் உடனே கைவிடாது. கட்டளையை ரத்துசெய்து பார்க்கும், வட்டை மீட்டமைத்துப் பார்க்கும், கடைசியில் அடாப்டரையே மீட்டமைக்கும். படிப்படியாக நிமிடங்கள் ஓடும். இணைப்பு போனது உறுதியாகத் தெரிந்தால் ஐந்தே விநாடியில் கோரிக்கைகளைத் திருப்பித் தந்து அடுத்த பாதைக்கு அனுப்பச் சொல்லும் தனி அமைப்பு ஒன்றும் உண்டு. ஏஐஎக்ஸில் இதே முடிவு ஃபைபர் சேனல் அடாப்டரின் ஒரு பண்பில் இருக்கிறது. 'தாமதமாகக் கைவிடு' என்பதை 'விரைவாகக் கைவிடு' என்று மாற்றினால், வலை நிலைப்பட ஏறத்தாழ 15 விநாடி காத்துவிட்டு, வட்டு அங்கே இல்லையென்றால் எல்லாக் கோரிக்கைகளையும் அடுத்த பாதைக்கு விட்டுவிடும். ஒரே ஒரு பாதை உள்ள சர்வரில் இந்த அவசரம் ஆபத்து: நொடி நேரத் தடுமாற்றமே பிழையாக மேலே போய்விடும். பல பாதைகள் உள்ள சர்வரில் இந்த அவசரம் இல்லாததுதான் ஆபத்து.

எல்லாப் பாதையும் போனால்

நான்கும் ஒருசேரப் போகும் நிலையும் வரும். அப்போது இரண்டே வழிகள். பயன்பாட்டிடம் 'எழுத முடியவில்லை' என்று பிழையைச் சொல்லிவிடலாம், அல்லது பாதை திரும்பும்வரை கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி வைக்கலாம்.

பிழை சொன்னால் கோப்பமைப்பு படிக்க மட்டுமான நிலைக்குப் போகும், டேட்டாபேஸ் விழும். ஆனால் என்ன நடந்தது என்று உடனே தெரியும். வரிசையில் நிறுத்தினால் சின்னத் தடங்கல்களைச் சர்வர் உணராமலே கடந்துவிடும். எல்லையே இல்லாமல் நிறுத்தும்படி அமைத்தால், பாதைகள் திரும்பாதபோது புரோகிராம்கள் உறைந்துபோய்க் கொல்லவும் முடியாமல் கிடக்கும். லினக்ஸில் நடுவழி ஒன்று எண்ணிக்கையாக இருக்கிறது. ஐந்து விநாடிக்கு ஒரு சோதனை, 12 முறை முயற்சி என்று எழுதினால் 60 விநாடி காத்திருந்துவிட்டுப் பிழை சொல்லும்.

அந்த 60 எங்கிருந்து வர வேண்டும்? மேலே ஓடும் பயன்பாட்டிலிருந்து. பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை இயக்கும் ஆரக்கிள் ஆர்ஏசி கிளஸ்டரை எடுத்துக்கொள்வோம். எந்தச் சர்வர் உள்ளே இருக்கிறது என்று தீர்மானிக்க உதவும் அதன் வோட்டிங் டிஸ்க்குகளை எட்ட முடியாத நிலையை ஒரு சர்வர் பொறுத்துக்கொள்ளும் இயல்பான எல்லை 200 விநாடி. பாதை மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் பிடித்தால், வட்டு திரும்பி வருவதற்குள் கிளஸ்டர் அந்தச் சர்வரை வெளியே தள்ளியிருக்கும். சேமிப்பகக் குழு ஓர் எண்ணையும் டேட்டாபேஸ் குழு வேறோர் எண்ணையும் தனித்தனியே தேர்ந்தெடுத்திருந்தால், நான்கு பாதைகள் இருந்தும் சர்வர் விழும்.

திரும்பி வராத பாதை

போன பாதை திரும்ப வந்ததைக் கண்டுபிடிப்பது யார் வேலை? ஐபிஎம் பவர் சர்வர்களில் இது பலரைப் பதம் பார்த்த இடம். ஒரே இயந்திரத்தில் பல ஏஐஎக்ஸ் பிரிவுகள் ஓடும். அவற்றுக்கு வட்டை வாங்கித் தருவது விஐஓஎஸ் என்ற இடைநிலைச் சர்வர். பாதுகாப்புக்காக இரண்டு விஐஓஎஸ் வைப்பார்கள்; ஒவ்வொன்றும் ஒரு பாதை.

முதலில் இரண்டும் ஒரே வட்டைத் திறக்க முடிய வேண்டும். வட்டைத் திறப்பவர் அதைத் தனக்கென்று பூட்டிக்கொள்ளும் வழக்கம் ஏஐஎக்ஸில் பழையது. விஐஓஎஸ் இரண்டிலும் அந்தப் பூட்டை நீக்காவிட்டால், முதலாவது பிடித்த வட்டை இரண்டாவதால் தொட முடியாது.

பூட்டு நீங்கியது, இரண்டு பாதைகளும் இயங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் விஐஓஎஸ்ஸைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்கிறார்கள். ஏஐஎக்ஸ் சத்தமில்லாமல் இரண்டாவதற்கு மாறுகிறது. முதலாவது திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஏஐஎக்ஸின் மெய்நிகர் வட்டுகளில், பாதையின் உடல்நிலையைச் சோதிக்கும் இடைவெளி நெடுங்காலம் இயல்பாக 0 என்றே இருந்தது. 0 என்றால் சோதனையே கிடையாது. முதல் பாதை 'ஃபெயில்டு' என்ற நிலையிலேயே கிடக்கிறது. சேவை ஓடுகிறது, யாரும் புகார் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாவது விஐஓஎஸ்ஸை மறுதொடக்கம் செய்கிறார்கள். காற்றில்லாத ஸ்டெப்னியை நம்பி நெடுந்தூரம் கிளம்பிய வண்டியின் கதைதான். அந்த 0 இருந்த இடத்தில் 60 என்று எழுதியிருந்தால், பாதை ஒரு நிமிடத்துக்குள் தானே திரும்பியிருக்கும். பராமரிப்புக்கு முன்னால், பாதைகளின் நிலையைப் பட்டியலிடும் எல்எஸ்பாத் கட்டளையை ஒருமுறை இயக்கி, எல்லா வரிகளிலும் 'எனேபிள்டு' என்று இருக்கிறதா என்று படித்திருந்தாலும் போதும்.

எழுதிய மதிப்பு, ஓடும் மதிப்பு

சரியான எண்ணை எழுதிய பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. பயன்பாட்டில் உள்ள வட்டின் பண்பை ஏஐஎக்ஸில் உடனே மாற்ற முடியாதபோது, அடுத்த மறுதொடக்கத்தில் அமலாகும்படி இயங்குதளத்தின் அமைப்புத் தரவுத்தளத்தில் மட்டும் எழுதிவைக்கலாம். அதன்பின் பண்புகளை வழக்கம்போலப் பட்டியலிட்டால் புதிய மதிப்பைக் காட்டும். கெர்னலோ பழைய மதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றம் முடிந்தது என்று கோப்பில் குறித்துவிட்டுப் போனவருக்கு இது தெரியாது.

லினக்ஸில் இதன் இணை வேறு வடிவில் வருகிறது. இயங்குதளமே சேமிப்பக வட்டிலிருந்து எழும் சர்வரில், தொடக்கத்தின்போது நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்பமைப்புக்குள் மல்டிபாத் அமைப்புக் கோப்பின் நகல் ஒன்று இருக்கிறது. மூலத்தைத் திருத்திவிட்டு அந்த நகலைப் புதுப்பிக்காமல் விட்டால், சர்வர் எழும்போது பழைய கட்டளையின்படிதான் எழும். திருத்தம் செய்த நாளுக்கும் அதன் விளைவு தெரியும் நாளுக்கும் இடையே மாதங்கள் இருக்கலாம்.

எச்சரிக்கை வந்தும்

2016 டிசம்பரில் ஆஸ்திரேலிய வரி அலுவலகத்தின் சேவைகள் பல நாட்கள் தடைபட்டன. 2017 ஜூனில் வெளியான அந்த அலுவலகத்தின் அறிக்கை ஒவ்வொரு சிஸ்டம் அட்மினும் படிக்க வேண்டியது. சேமிப்பகத்துக்குப் போகும் ஒளியிழைக் கேபிள்கள் சரியாகப் பொருத்தப்படாமல் இறுக்கத்தில் இருந்தன. 800 வட்டுகளில் 12 மட்டுமே பழுதாயின. விளைவு ஏறக்குறைய எல்லா அமைப்புகளையும் தொட்டது. நிலைத்தன்மையைவிட வேகத்துக்கு முன்னுரிமை தந்து அந்தச் சேமிப்பகம் அமைக்கப்பட்டிருந்தது. மீட்டெடுக்க உதவும் கருவிகள் விழுந்த அதே சேமிப்பகத்தில் இருந்தன. முந்தைய மாதங்களிலேயே அதன் பதிவேடுகளில் அறிகுறிகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2017 பிப்ரவரியில், கேபிள்களைச் சரிசெய்யும் வேலையின்போதே அட்டைகள் இடம் பெயர்ந்து மறுபடி ஒரு முடக்கம் வந்தது.

நன்றாக அமைந்த மல்டிபாத்தின் இயல்பே முதல் பழுதை மறைப்பது. பயனருக்கு ஒன்றும் தெரியாது, டேட்டாபேஸுக்கும் தெரியாது. நான்கு மூன்றாவதும் மூன்று இரண்டாவதும் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு வரியாக மட்டுமே நிகழும். ஆகவே சேவை ஓடுகிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு போதாது. ஒவ்வொரு வட்டுக்கும் எத்தனை பாதைகள் இருக்க வேண்டும், இப்போது எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, ஒன்று குறைந்தாலும் ஆளை எழுப்பும் கண்காணிப்பு வேண்டும்.

சோதனையும் அப்படியே. மென்பொருள் கட்டளையால் ஒரு பாதையை முடக்கிப் பார்ப்பது பாதி சோதனைதான். அது சர்வருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது. காத்திருப்பு எல்லைகள் எதுவும் அங்கே இயங்காது. சேவைக்கு வரும் முன்பே, முழுச் சுமையும் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்க வேண்டும். எழுதும் வேகம் எத்தனை விநாடி சுழியத்தில் நின்றது என்று குறிக்க வேண்டும். திரும்பச் செருகி, பாதை தானே எழுகிறதா, எத்தனை விநாடியில் எழுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அடுத்த கேபிள், அடுத்த ஸ்விட்ச், அடுத்த கன்ட்ரோலர். நான்கு பாதைகளுக்கும் ஒரு முழு மாலை பிடிக்கும் வேலை இது.

இப்போது தரவு மையங்களில் ஸ்கஸியின் இடத்துக்கு என்விஎம்இ என்ற புதிய நெறிமுறை வந்துகொண்டிருக்கிறது. 2018 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.15 கெர்னலில் அதற்கான மல்டிபாத் வசதி உள்ளேயே சேர்ந்துவிட்டது. தனி மென்பொருளோ நீண்ட அமைப்புக் கோப்போ தேவையில்லை. நேர்வழி, சுற்றுவழி எது என்பதைச் சேமிப்பகமே அறிவிக்கிறது, கெர்னல் கேட்டுக்கொள்கிறது. அதிலும் ஓர் எண் இருக்கிறது: தொடர்பு போன கன்ட்ரோலருக்காக எத்தனை விநாடி முயன்றுகொண்டிருப்பது? யாரும் மாற்றாவிட்டால் அது 600. எல்லாப் பாதைகளும் போன நிலையில் கோரிக்கைகள் பத்து நிமிடம் வரை வரிசையில் நிற்கும் என்பது அதன் பொருள். தன் டேட்டாபேஸும் கிளஸ்டரும் பத்து நிமிடம் பொறுக்குமா என்று பார்த்து, அந்த எண்ணைக் குறைப்பதா விடுவதா என்று சிஸ்டம் அட்மின்தான் இன்றும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.